மூன்றாவது ரீல்

படம் தொடங்கி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த சார்ஜண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இது இங்கே வரக்கூடாது. இது கடைசியில் வரவேண்டியது. கடற்கரை மணல், பொழுது நன்றாக விடிந்துவிட்டது, நாலு பேர் சேர்ந்து மீசைக்கார சார்ஜண்டைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு அலைக்குள் ஓடுகிறார்கள், படகில் போடுகிறார்கள், அவன் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறான், ஒருத்தன் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைக்கிறான். அதே அறை, அதே சிரிப்பு. ஐம்பத்தாறு வருஷமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற அதே சிரிப்பு, மேல்வரிசையில் ஒரு பல் இல்லாததுகூட அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது பக்கத்தில் ஒரு மேஜர் பைப்பைக் கடித்துக்கொண்டு கையில் கடிகாரத்தோடு நிற்கிறார், விசில் ஊதுகிறார், ஏதோ சொல்கிறார். திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது, நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் போய்விடுகிறது, ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. மறுபடியும். மறுபடியும் செய்யுங்கள் என்கிறார். சார்ஜண்ட் படகிலிருந்து இறங்கி, மணலுக்கு நடந்துபோய், காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறான். அவனுக்கு அடியே படவில்லை. ஒத்திகை. சண்டைக்குப் போவதற்கு முன்னால் சொந்த ஊர்க் கடற்கரையில் பழகிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இந்த நூலக மாடியில் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, முன்வரிசையில் யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினோரு பேர் உட்கார்ந்து பழைய வெள்ளைக்காரன் படம் பார்க்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து நாற்காலியில் சுகந்தி என் காதருகே குனிந்து, "மாமா, இதுங்ளா அந்த சீன்?" என்கிறாள். "இல்ல கண்ணு, இது வேற. அது கடைசீல வரும்" என்கிறேன். வரும். வந்துதான் ஆகவேண்டும். என் கண்ணால் பார்த்தேனே.

சுகந்தி மருதாசலத்தின் மகள். காலேஜில் பாடம் எடுக்கிறாள், மாசம் ஒரு படம் என்று இந்த மாடியில் போட்டுக்காட்டி, முடிந்ததும் எல்லோரையும் பேசச்சொல்கிற ஒரு சங்கத்தையும் நடத்துகிறாள். மருதாசலம் போன ஆவணியில் செத்துப்போனான். செவ்வாய்க்கிழமை அவள் போன் செய்தாள். "மாமா, அப்பா சொல்லீட்டே இருப்பாருங்ளே, ஒரு கமாண்டோ படம், அது கெடைச்சிருச்சுங். ஞாயித்துக்கெழமை போடறோம். நீங்க கண்டிப்பா வரோணும், நீங்கதான் பேசோணும்." நான் முழங்கால் வலி என்றேன். கார் அனுப்புகிறேன் என்றாள். காது சரியாகக் கேட்பதில்லை என்றேன். என் பக்கத்தில் உட்காருங்கள் என்றாள். அப்புறம் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தக் கடைசி சீனை ஒருவாட்டி பாத்துப்போடோணுங் மாமா. கூட்டாளிக திரும்பி வந்து அடிபட்டவனத் தூக்கீட்டுப் போவாங்களாமே. உங்க மாமன் என்னையத் தூக்கீட்டு வந்த மாதிரியேன்னு அப்பா எத்தன தடவ சொல்லியிருக்காரு. மில் சங்கு ஊதறதுக்குள்ள வந்துட்டான் அவன்னு." ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றேன். மருதாசலத்தை நான் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவனை விட்டுவிட்டு ஓடினேன். அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அவன் மகளிடம் ஏன் இப்படி மாற்றிச் சொன்னான் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன், மாத்திரை போட்டும் தூக்கம் இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக ஒரு படத்தைப் பார்க்கப்போய் இது கிளம்பியிருக்கிறது.

மூன்றாவது ரீல். இப்போது புரிகிறது, இது மூன்றாவது ரீல்தான், வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள், ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டுவார்கள். டவுன் தியேட்டரில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் அதைத் தகரப் பெட்டியில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு ஒருத்தன் மிதிக்கவேண்டும். மில்லில் வார லீவு நாளில் மருதாசலம் அந்த வேலை பார்த்தான். வேலை என்றால் ஓசிப் படம், டீ, ஒரு வடை. அவனும் நானும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டில் நூல் எடுத்தவர்கள், ஒரே வயசு, ஒரே லைன் வீடு. அவன் பெயர் மருதமலைக்கு வேண்டிக்கொண்டு வைத்தது, என் பெயர் வெள்ளிங்கிரி மலைக்கு வேண்டிக்கொண்டு வைத்தது, இரண்டு மலையும் ஒன்றாகத் திரிகிறது என்று ஷிப்டைப் பார்க்கிற ஜாபர் மேஸ்திரி கிண்டல் செய்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். அவன் வர நேரமாகிவிட்டது, மூன்றையும் நான்கையும் சேர்த்துக் கொண்டுவந்தான், உள்ளே விசில் பறக்கிறது, ஆபரேட்டர் அவசரத்தில் கைக்கு வந்த நான்கை மாட்டிவிட்டார். பாதி ஓடினபிறகுதான் மூன்று வெளியே கிடப்பது தெரிந்திருக்கும். இங்கிலீஷ் படத்தில் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள். ஆனால் படம் சீக்கிரம் முடிந்துவிட்டால் சனங்கள் நாற்காலியைப் பிய்த்துவிடுவார்கள், அதனால் எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக அந்த மூன்றை ஓட்டியிருக்கிறார், கைதட்டல் வந்ததும், மேஜர் விசில் ஊதுவதற்குள் நிறுத்தியிருக்கிறார். இப்படித்தான் நடந்திருக்கவேண்டும், வேறு எப்படி. சார்ஜண்டை எதிரி கரையில் விட்டுவிட்டுப் படகு போகிறது, தியேட்டரே உச்சுக்கொட்டுகிறது, லைட்டுப் போடுவார்களோ என்று எழுந்திருக்கிறோம், பார்த்தால் விடிந்திருக்கிறது, நாலு பேர் வந்து அவனைத் தூக்குகிறார்கள்! என்ன கைதட்டல் அன்றைக்கு. நான் பெஞ்சுமேல் ஏறி நின்று விசிலடித்தேன். கதவோரம் வியர்வையோடு நின்றிருந்த மருதாசலம் என்னைப் பார்த்துச் சிரித்தான். வெளியே வந்து கேட்டேன், "ஏன்டா, காலெல்லாம் ரத்தமாக் கெடந்தான், கடைசீல ஒரு சொட்டு ரத்தங்கூட இல்லியே?" அவன் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டே, "அட, வெள்ளக்காரனுக்கு மருந்தா இல்ல, கட்டுப் போட்டிருப்பாங்கடா" என்றான். பெட்டிமேல் சாக்கட்டியில் நம்பர் எழுதியிருக்கும். அந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினவன் அவன். அவனுக்குத் தெரியும்.

திரையில் இன்னும் பேசுகிறார்கள். சண்டைப் படம் என்று பெயர், சண்டையைக் காணோம். மேப்பை விரிக்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், மேப்பைச் சுருட்டுகிறார்கள், மறுபடியும் டீ. இதையா நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தப் படகு தொட்டித் தண்ணீரில் ஆடுகிறது, பின்னால் இருக்கிற கடல் ஆடவே இல்லை. எதிரி சிப்பாய்களும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள், கொஞ்சம் தொண்டையைக் கட்டிக்கொண்டு. கோபுரத்திலிருந்து தவறி விழுந்து செத்த ஆளே அடுத்த காட்சியில் வாசல் காவலுக்கு நிற்கிறான். முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் போனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. இருபது வயசில் இது எங்களுக்கு வேதம். மருதாசலத்துக்குக் கமாண்டோ என்ற வார்த்தை வாயில் நுழையாது, கமண்டலம் என்பான், வேண்டுமென்றேதான், அப்புறம் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. வாடா கமண்டலம். படம் பார்த்து இரண்டு வருஷம் கழித்து மில்லில் ஸ்ட்ரைக். இருபது நாள் தாண்டியும் அசையவில்லை, வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து உள்ளேயே தங்கவைத்து மில்லை ஓட்ட ஆரம்பித்தார்கள். கேட்டுக்கு வெளியே நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம், உள்ளே எங்கள் மிஷினில் யாரோ நூல் எடுக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தைச் சகிக்க முடியாமல்தான் அந்த யோசனை வந்தது. யாருக்கு வந்தது? எனக்குத்தான். பின்பக்கச் சுவர் ஏறி உள்ளே போய், கரண்ட் ரூமில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம், படத்தில் வருகிற மாதிரி. இரண்டே பேர். பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில் காவல் அசந்திருக்கும். படத்தில் எல்லோரும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்குத் திருப்பிவைப்பார்கள், எங்களிடம் கடிகாரம் ஏது, மில் சங்குதான். இரண்டு மணிச் சங்குக்கு ஏறுவது, மூன்றரை மணிச் சங்குக்குள் வெளியே வந்துவிடுவது. மூன்றரைக்கு ஷிப்டு மாறும், ஆள் நடமாட்டம் வந்துவிடும். முகத்தில் கரி பூசிக்கொள்ளலாம் என்றேன். "நம்ம மூஞ்சிக்கு அது வேறயாடா" என்றான் மருதாசலம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

படகு கிளம்பிவிட்டது. திரை இருட்டாகிவிட்டது, இப்போதுதான் நிஜமாகவே போகிறார்கள். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும். மூத்திரம் முட்டுகிறது, எழுந்து போய்விடலாமா, போனால் திரும்பி வரவேண்டாமே. சுகந்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் அப்பன் மாதிரியே கீழ் உதட்டைப் பல்லில் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். சார்ஜண்ட் சுவர்மேல் சாக்கு விரிக்கிறான், இதைப் பார்த்துத்தான் நாங்களும் கண்ணாடிச் சில்லுமேல் சாக்கு விரித்தோம். பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிவிட்டோம், மில் சத்தம் அப்படியே அடங்கினது இன்றைக்கும் காதில் இருக்கிறது, அந்த அமைதி. திரும்பி ஓடி வந்தோம். கட்டைகள் போட்ட பையோடு நான் முதலில் ஏறினேன். மேலே உட்கார்ந்து அவனுக்குக் கை நீட்டினேன், என் விரலை அவன் தொட்டுவிட்டான், செங்கல் ஒன்று பெயர்ந்தது, உள்பக்கமாக விழுந்தான். கால் ஒடிந்த சத்தம் கரும்பு ஒடிகிற மாதிரி கேட்டது. அவன் கத்தவில்லை. மண்ணை அள்ளி வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். தூரத்தில் யாரோ ஓடிவருகிற மாதிரி இருந்தது, இருந்ததா, நாய்கூட இருக்கலாம். "மருதா, ஆளக் கூட்டீட்டு வந்துர்றேன்டா, சங்கு ஊதறதுக்குள்ள வந்துருவேன்" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கரியும் வியர்வையும் மண்ணுமாக இருந்த அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "போடா கமண்டலம். அந்தப் படத்துல வர்ற மாதிரி வா" என்றான். நான் குதித்தேன். வெளிப்பக்கம்.

அந்தப் படத்தில் வருகிற மாதிரி. இவ்வளவு வருஷமாக இந்த வார்த்தையை நான் ஒரு மாதிரிதான் வைத்திருந்தேன். படத்தில் திரும்பி வந்தார்கள், அதேபோல நீயும் வருவாய் என்று நம்பிச் சொன்னான், நான்தான் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று. வலித்தாலும் அதில் ஒரு இடம் இருந்தது உட்கார. என்னை நம்பினான் என்கிற இடம். இன்றைக்கு இந்த மேஜர் விசில் ஊதி அதையும் பிடுங்கிவிட்டார். படத்தில் யாரும் வரவில்லை. நம்பர் பார்த்துப் பெட்டி தூக்கினவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறான், அந்தப் படத்தில் வருகிற மாதிரி வா. அப்படியென்றால் வரமாட்டாய் என்று அர்த்தமா. போ, பரவாயில்லை, படத்திலும் விட்டுவிட்டுத்தான் போனார்கள் என்று என்னை அவிழ்த்துவிட்டானா. இல்லை, காலொடிந்து கிடந்தும் என்னை வைத்து ஒரு கேலி செய்துகொண்டானா. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்லமுடியாது என்பார்கள். நான் எந்தப் பக்கம் குதிப்பேன் என்று கீழே கிடந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. சோளக்காட்டுக்குள் ஓடி உட்கார்ந்தேன். யூனியன் ஆபீஸ் கூப்பிடு தூரம், போய் நாலு பேரைக் கூட்டியிருக்கலாம். இதோ போகிறேன், இதோ போகிறேன் என்று காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணிச் சங்கு ஊதியது. மில் சங்கு தினம் ஊதுவதுதான். அன்றைக்கு அது சாவு வீட்டுச் சங்கு மாதிரி நீளமாக ஊதினதாகத் தோன்றியது, பயந்தவன் காதுக்கு எதுவும் அப்படித்தான் கேட்கும். பையை அங்கிருந்த கிணற்றில் போட்டேன். கரி பூசின முகத்தை அதே தண்ணீரில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். சாயங்காலம் யூனியன்காரர்கள் வந்து மருதாசலம் எங்கே என்றார்கள். தெரியாது என்றேன்.

அவனைக் காவலாட்கள் பிடித்து, ஒடிந்த காலிலேயே அடித்து, அப்புறம் போலீசில் கொடுத்தார்கள். ஆறு மாசம் ஜெயில். மகளிடம் இதை எப்படிச் சொல்லிச் சமாளித்தானோ. கூட வந்தது யார் என்று கேட்டதற்கு ஒரே பதில்தான் சொன்னானாம், தனியாகத்தான் வந்தேன். பியூஸ் கட்டை போனதில் மில் நின்றது மொத்தமே ஒரு மணி நேரம், வேறு வாங்கி மாட்டிவிட்டார்கள். ஸ்ட்ரைக் முடிந்து நான் வேலைக்குப் போனேன், மேஸ்திரி ஆனேன், ரிடையரானேன். அவன் ஒரு கால் குட்டையாகி வெளியே வந்து சைக்கிள் கடை வைத்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்போடு போவேன், வாடா கமண்டலம் என்பான், அவன் பெண்டாட்டி காப்பி கொடுப்பாள். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், ஏன்டா வரல என்று. சட்டையைப் பிடித்திருக்கலாம். கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். நானே சொல்வேன் என்று அவன் காத்திருந்தானோ என்னவோ. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது வாயில் குழாய் இருந்தது. நான் வாயைத் திறந்தேன், நர்ஸ் வந்துவிட்டாள், மூடிக்கொண்டேன். நர்ஸ் வந்து போக ஒரு நிமிஷம்தான் ஆனது. அப்புறமும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வெயிலைப் பற்றிப் பேசினேன்.

விட்டுவிட்டார்கள். இதோ, சார்ஜண்ட் பாறையோரம் காலை நீட்டிக் கிடக்கிறான், படகு போகிறது. படகில் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை, துடுப்பை மட்டும் பார்க்கிறார்கள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், போதும், எடுங்களேன், எவ்வளவு நேரம் காட்டுவீர்கள். இவ்வளவு மட்டமான படத்தில் இந்த ஒரு முகம் மட்டும் நிஜம். அவன் யாரையும் எதிர்பார்க்கவில்லை, அதுதான் பார்க்கமுடியவில்லை. அடுத்தது லண்டன். மேஜர் பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டுகிறார், யாரோ கைகுலுக்குகிறார்கள், இன்னொரு டீ. சுகந்தி என் கையைத் தொட்டு, "இப்ப வருமுங்ளா?" என்கிறாள். வரவேண்டும், ஆண்டவனே, எவனாவது தப்பான ரீலை மாட்டவேண்டும். கொடி பறக்கிறது. பாட்டு. பெயர்கள். முடிந்துவிட்டது. யாரோ டியூப்லைட்டைப் போட்டார்கள், அது இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது.

பதினோரு பேரில் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சப் பேர் சோம்பல் முறிக்கிறார்கள். "செம அறுவைங்க மேடம்" என்றான் போன் தட்டிக்கொண்டிருந்தவன். சுகந்தி கம்ப்யூட்டரிடம் போய் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, திரும்பி வந்தாள். நாற்பது வயசுக்காரி, ஏமாந்த குழந்தை மாதிரி இருந்தது முகம். "மாமா, அந்த சீனையே காணமுங்ளே. வெட்டிப்போட்டாங்களாட்ட இருக்குதுங். இந்த மாதிரிப் பழைய படத்துல அங்கங்க வெட்டிப்போடுவாங். கடைசி ரீல் இல்லீங்ளா மாமா?" கையில் மைக்கைக் கொடுத்தாள். இதுதான் சமயம். வெள்ளிங்கிரி, சொல்லுடா. ரீல் எல்லாம் சரியாத்தான் இருக்குது கண்ணு, அன்னிக்குத்தான் மாறிப்போச்சு, யாரும் திரும்பி வரல, நானும் வரல. பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். அவளுடைய அப்பன் செத்தான், இனிமேல் கேட்க ஆளில்லை, சொல்லவாவது இவள் ஒருத்தி இருக்கிறாள். மைக் சில்லென்று இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கீழ் உதட்டைப் பிடித்துக்கொண்டு. "ஆமா கண்ணு" என்றது மைக், என் குரல் நாலு பக்கமும் கேட்டது. "கடைசி ரீல் இல்ல. அதுலதான் அவங்க திரும்பி வருவாங்க. நானும் உங்கப்பனும் பாத்தமே." இரண்டு பேர் கைதட்டினார்கள். மறுபடியும் குதித்துவிட்டேன். வெளிப்பக்கம்.

படி இறங்கும்போது முழங்கால் மடங்கிக்கொண்டது. சுகந்தி ஓடிவந்து ஒரு கையை என் அக்குளுக்குள் கொடுத்து, இன்னொரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். "பாத்துங் மாமா. பாரத்தை எம்மேல போடுங், நான் தூக்கிக்கறேன்." போட்டேன். ஒவ்வொரு படியாக இறக்கினாள். பெலமான கை, சைக்கிள் கடைக்காரன் மகள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்கள் மில்லிருந்த இடத்தில் பிளாட் கட்டிவிட்டார்கள், இப்போது இந்த ஊரில் எந்தச் சங்கும் ஊதுவதில்லை, மணி என்ன என்றே தெரியவில்லை. காரில் உட்காரவைத்து, என் காலைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தப்போனவள் நின்றாள். "நான் உடமாட்டனுங் மாமா. லண்டன்ல பழைய படமெல்லாம் சேத்துவெக்கற ஆபீஸ் இருக்குதுங், அங்க எழுதறேன். முழுப் படம் எங்கியாச்சும் இல்லாமயா போயிரும்? எத்தன வருசமானாலுஞ் செரி, அந்த ரீலத் தேடி எடுத்துப்போடறேன். நாம ரெண்டு பேரும் உக்காந்து பாக்கோணும்." டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் கையை எடுக்காமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நின்றாள், நான் ஏதாவது சொல்வேன் என்று.

"தேடு கண்ணு" என்றேன்.